மாடல் திணறுகிறதா? கார்டைக் குறை சொல்லும் முன் அளந்து பாருங்கள்

ரிவ்யூ மீட்டிங். பெரிய திரையில் ஒரு பம்ப்புக்குள் தண்ணீர் ஓடும் சிமுலேஷன். "இம்பெல்லரை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுங்க" என்கிறார் கிளையன்ட். நீங்கள் மௌஸை இழுக்கிறீர்கள். மாடல் அசையவில்லை. மூன்று விநாடி கழித்து ஒரே தாவலாகத் தாவி எங்கோ போய் நிற்கிறது. மறுபடி இழுக்கிறீர்கள். இப்போது தலைகீழாக நிற்கிறது. "சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ சார்" என்கிறீர்கள். ஆறு மாதமாக நீங்கள் போட்ட கணக்கு முழுக்கச் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த அறையை விட்டுப் போகிறவர்கள் மனதில் தங்குவது திணறிய திரைதான்.

சிஎஃப்டி, எஃப்இஏ, மூலக்கூறு ஆய்வு, வானிலை, மெடிக்கல் இமேஜிங் என்று எந்தத் துறையானாலும், விஷுவலைசேஷன் சாஃப்ட்வேர் தெரியும் என்று ரெஸ்யூமில் எழுதுகிறவர்கள் ஏராளம். அது திணறும்போது எங்கே, எதனால் என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். போட்டியில் உங்களைத் தனித்துக் காட்டப்போவது அந்தத் திறமை. கற்றுக்கொள்ளக் காசு செலவில்லை. அளந்த பிறகே கை வைப்பது என்ற ஒரு பழக்கம் போதும்.

உதாரணத்துக்கு பாராவியூவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் கிட்வேர் நிறுவனமும் 2000-ல் கைகோத்துத் தொடங்கிய ஓபன் சோர்ஸ் மென்பொருள் இது. இலவசம். இன்று இரவே டவுன்லோடு செய்து பழகலாம். உங்கள் அலுவலகத்தில் விஸிட், விஎம்டி, பைமால் என்று வேறு எது ஓடினாலும் மெனுக்கள்தான் மாறும், தேடும் முறை மாறாது.

1. 'ஸ்லோ' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்

'சாஃப்ட்வேர் ஸ்லோ' என்பது 'உடம்பு சரியில்லை' என்பதைப் போல. டாக்டர் அடுத்து கேட்பது 'எங்கே வலிக்கிறது?' என்றுதான். உங்களையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைலைத் திறக்கும்போதா? ஃபில்ட்டர் போட்டு அப்ளை அழுத்தும்போதா? மாடலைச் சுழற்றும்போதா? அடுத்த டைம்ஸ்டெப்புக்குப் போகும்போதா? நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

இதன் பின்னணியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பாராவியூவின் அடித்தளம் விடிகே என்ற மென்பொருள் நூலகம். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வு மையத்தில் இருந்த வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், பில் லோரன்சன் மூவரும் 1993-ல் தொடங்கியது. அதில் டேட்டா ஒரு பைப்லைனில் ஓடுகிறது. ஃபைலைப் படிக்கும் ரீடர், அடுத்து ஃபில்ட்டர்கள், கடைசியில் திரையில் வரையும் ரெண்டரிங். ரீடரும் பெரும்பாலான ஃபில்ட்டர்களும் சிபியுவில் ஓடுபவை. கடைசிக் கட்டமான ரெண்டரிங்தான் கிராஃபிக்ஸ் கார்டின் முக்கிய வேலை. காண்டூர் போட 40 விநாடி ஆகிறது என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் அந்த 40 விநாடி அப்படியேதான் இருக்கும். இது தெரியாமல் கார்டு கேட்டு மெயில் போடுகிற சீனியர்களும் உண்டு.

2. வரைவது யார் என்று பாருங்கள்

சுழற்றும்போது திணறினால் முதல் சோதனை இது. ஒரு நிமிடம்கூட ஆகாது. ஹெல்ப் மெனுவில் அபவுட் பாராவியூவைத் திறந்து, ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியைப் படியுங்கள். உங்கள் கார்டின் பெயர் அங்கே இருக்க வேண்டும். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கார்டு சும்மா இருக்கிறது, சிபியு தலையில் முழுப் பாரமும் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் சரியாக ஏறவில்லை என்பது வழக்கமான காரணம். இன்டெல் பெயர் இருந்தால், பெரும்பாலும் ப்ராசஸரோடு வரும் சின்ன கிராஃபிக்ஸ் வரைகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்டு தூங்குகிறது.

தனிக் கார்டு உள்ள லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராஃபிக்ஸும் சேர்ந்தே இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த சிஸ்டம் சின்னதையே தேர்ந்தெடுக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், பாராவியூவைச் சேர்த்து, ஹை பெர்ஃபாமன்ஸ் என்று மாற்றுங்கள். மூடித் திறந்து, அபவுட் வரியை மறுபடி படியுங்கள். மாற்றியதோடு நிறுத்தாமல் மாறிவிட்டதா என்று பார்ப்பதுதான் தொழில் பழக்கம்.

நான் நேரில் பார்த்த ஒன்று. ஒரு டீமில் மாடல் நகரவே மாட்டேன் என்றது. புதுக் கார்டு கேட்டார்கள். அப்ரூவல் வாங்கி, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, கார்டு வந்து சேரவே வாரக்கணக்கில் ஆனது. மாட்டினார்கள். வேகத்தில் துளி மாற்றமில்லை. சாஃப்ட்வேரே சரியில்லை என்று முடிவு கட்டப் போனார்கள். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பெண் அபவுட் ஜன்னலைத் திறந்தார். இன்டெல் என்றிருந்தது. எழுந்துபோய் மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். மானிட்டர் கேபிள் புதுக் கார்டில் இல்லை. சற்று மேலே, மதர்போர்டின் போர்ட்டில் செருகியிருந்தது. பிடுங்கி, கீழே இருந்த கார்டில் செருகினார். மாடல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. அடுத்த ப்ராஜெக்ட்டில் கிளையன்ட் முன்னால் டெமோ காட்ட யாரை அனுப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

3. ஜன்னலைச் சுருக்கிப் பாருங்கள்

சரியான கார்டுதான் வரைகிறது, இன்னும் திணறுகிறது. இப்போது பாராவியூ ஜன்னலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருக்கி, மாடலைச் சுழற்றுங்கள். வரைய வேண்டிய பிக்சல் கால்வாசியாகிவிட்டது. வேகம் கூடினால் சுமை பிக்சலில் இருக்கிறது. கூடவே இல்லை என்றால் சுமை முக்கோணங்களின் எண்ணிக்கையிலோ, சிபியுவிலோ இருக்கிறது. ஐந்து விநாடிச் சோதனை, தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

பிக்சல் சுமை என்றால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் மானிட்டரை. சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே திரையில் சுமார் 83 லட்சம், சரியாக நான்கு மடங்கு. அடுத்து வால்யூம் ரெண்டரிங், அதற்கடுத்து டிரான்ஸ்பரன்சி. ஒளி ஊடுருவும் பரப்புகளை முன்பின் மாறாமல் காட்ட, டெப்த் பீலிங் என்ற முறையில் ஒரே காட்சியை அடுக்கடுக்காகப் பலமுறை வரைய வேண்டியிருக்கிறது. பம்ப்பின் கேஸிங்கை ஒபாசிட்டி 0.3 வைத்துக் காட்டுவது அழகுதான். கிளையன்ட் பார்க்க விரும்புவது இம்பெல்லர் என்றால், கேஸிங்கைப் பாதியாக வெட்டிக் காட்டுங்கள். படமும் தெளிவாகும், கார்டும் மூச்சுவிடும்.

பைப்லைன் பிரவுசரில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கண் ஐகான் இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைத்ததும் மாடல் லேசாகச் சுழல்கிறதோ, குற்றவாளி அதுதான்.

4. டேட்டாவின் எடையைப் பேப்பரில் போடுங்கள்

இன்ஃபர்மேஷன் பேனலில் செல் எத்தனை, மெமரி எவ்வளவு என்று இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பாருங்கள், கணக்கும் போடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு 512 கட்டம் உள்ள கனசதுர கிரிட். 512-ஐ மூன்று முறை பெருக்கினால் சுமார் 13.4 கோடி செல். ஒரு செல்லுக்கு ஒரு பிரஷர் மதிப்பு, 4 பைட். மொத்தம் 512 எம்பி. நல்ல லேப்டாப்பே தாங்கும். இப்போது அதன் மேல் திரெஷோல்டு ஃபில்ட்டர் போடுகிறீர்கள், பெரும்பாலான செல்கள் தப்பித்து நிற்கின்றன. வரிசையான கிரிட் அன்ஸ்ட்ரக்சர்டு மெஷ்ஷாக மாறிவிட்டது. வரிசையாக இருந்தவரை எந்த செல் எங்கே என்று எழுதிவைக்கத் தேவையில்லை. இப்போது ஒவ்வொரு செல்லும் தன் எட்டு மூலைகளின் எண்ணையும் சுமக்க வேண்டும். ஒரு எண்ணுக்கு 8 பைட் என்றால் 64 பைட். செல் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு, செல் வகை, புள்ளியின் இடம் எல்லாம் சேர்ந்தால் ஒரு செல்லுக்கு 85 பைட் வரை போகும். 13.4 கோடி செல்லுக்குச் சுமார் 11 ஜிபி. அரை ஜிபி டேட்டா, ஒரே கிளிக்கில் 11 ஜிபி. ரேம் நிரம்பி டிஸ்க்கில் வழிய ஆரம்பித்தால், திணறல் போய் ஹேங் ஆகிவிடும்.

ஆகவே, எந்த ஃபில்ட்டர் டேட்டாவைப் பெருக்கும், எது சுருக்கும் என்று மனப்பாடமாக இருக்கட்டும். கிளிப், திரெஷோல்டு இரண்டும் அன்ஸ்ட்ரக்சர்டாக மாற்றும். ஸ்லைஸ், காண்டூர் வெறும் பரப்பை மட்டும் தரும், அதனால் பொதுவாக லேசாக இருக்கும். ஒரு பகுதி மட்டும் போதும் என்றால் எக்ஸ்ட்ராக்ட் சப்செட் போடுங்கள், கிரிட் வரிசையாகவே இருக்கும். சுருக்கும் ஃபில்ட்டரை பைப்லைனின் தொடக்கத்திலேயே வையுங்கள். 13 கோடி செல்லுக்குக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் வெட்டுவதைவிட, வெட்டிய பிறகு கணக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

அன்ஸ்ட்ரக்சர்டு மெஷ்ஷில் வால்யூம் ரெண்டரிங் போட்டால் நகர்வது சிரமம். ரீசாம்பிள் டு இமேஜ் ஃபில்ட்டரில் சீரான கிரிட்டாக மாற்றிய பிறகு போடுங்கள். சீரான கிரிட்டை ஜிபியு வேகமாக வரையும். நுணுக்கம் கொஞ்சம் குறையும் என்பதை ரிப்போர்ட்டில் மறக்காமல் எழுதுங்கள். வேகத்துக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்று சொல்கிறவரைத்தான் நம்புவார்கள்.

5. சுழலும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று

மாடல் சுழலும் நேரத்தில் யாரும் ஒவ்வொரு முக்கோணத்தையும் எண்ணப்போவதில்லை. செட்டிங்ஸில் ரெண்டர் வியூ பகுதிக்குப் போங்கள். எல்ஓடி திரெஷோல்டு என்று ஒன்று இருக்கும். அதில் குறித்த எம்பியைத் தாண்டும் மாடலை, சுழலும்போது மட்டும் எளிமைப்படுத்தி வரையும். மௌஸை விட்டதும் முழு நுணுக்கமும் திரும்பிவிடும். இந்த அளவைக் குறைத்தால் எளிமைப்படுத்தல் சீக்கிரமே தொடங்கும். சுழலும்போது மாடல் கட்டை கட்டையாகத் தெரிகிறதே என்று பயந்து சிலர் இதைக் கூட்டிவைத்துவிடுவார்கள், பிறகு ஸ்லோ என்பார்கள். டெமோவுக்கு முன் இந்த எண் என்னவென்று பாருங்கள்.

உங்கள் இலக்கும் எண்ணாகவே இருக்கட்டும். விநாடிக்கு 30 படம் வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதற்கு ஒரு படத்தை 33 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். விநாடிக்கு 10 படம் இருந்தால் வேலை ஓடும். 3 படத்துக்குக் கீழே போனால் கிளையன்ட் முன் சுழற்றாதீர்கள்.

6. ரிமோட்டில் வேலை பார்க்கிறீர்களா? ஒயரைக் கணக்கிடுங்கள்

வீட்டில் லேப்டாப், ஆபீஸில் பெரிய மெஷின். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து, எக்ஸ் ஃபார்வேர்டிங்கில் பாராவியூவைத் திறக்கிறீர்கள். வரையும் கட்டளைகளும் முக்கோணங்களும் நெட்வொர்க் வழியே வந்து, உங்கள் லேப்டாப்பில்தான் படமாகின்றன. ஆபீஸ் கார்டுக்கு இதில் வேலையே இல்லை. தவிர, இன்றைய பாராவியூவுக்கு ஓபன்ஜிஎல் 3.2-ஆவது வேண்டும். இந்த வழியில் அது கிடைப்பதே அரிது.

வழி இரண்டு. ஒன்று, விர்ச்சுவல்ஜிஎல்லும் டர்போவிஎன்சியும். ஆபீஸ் கார்டே வரையும், முடிந்த படத்தைச் சுருக்கி உங்களுக்கு அனுப்பும். மற்றொன்று, பாராவியூவின் சொந்த ஏற்பாடு. பெரிய மெஷினில் பிவிசர்வரை ஓடவிட்டு, உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பாராவியூவை அதோடு இணைப்பது. இயல்பான போர்ட் 11111. இரண்டு பக்கமும் ஒரே வெர்ஷன் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய.

சுருக்காமல் அனுப்பினால் என்னாகும்? ஃபுல் ஹெச்டி படம் ஒன்று 20.7 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு 3 பைட், சுமார் 6.2 எம்பி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் போகும். அதாவது விநாடிக்கு இரண்டே படம். உலகத்திலேயே சிறந்த கார்டு அங்கே இருந்தாலும் இரண்டே படம். 'நெட்வொர்க்கில் பிரச்னை இருக்கும்போல' என்று சொல்வதற்கும், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு 'கம்ப்ரஷனைக் கூட்டியிருக்கிறேன்' என்று சொல்வதற்கும் சம்பளத்திலேயே வித்தியாசம் தெரியும்.

7. டைமர் லாக்கைப் படிக்கப் பழகுங்கள்

டூல்ஸ் மெனுவில் டைமர் லாக் இருக்கிறது. எந்த ஃபில்ட்டருக்கு எத்தனை விநாடி, ரெண்டருக்கு எத்தனை விநாடி என்று வரிவரியாகச் சொல்லும். முதலில் அதைக் கிளியர் செய்யுங்கள். திணறுகிற ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள். லாக்கை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். பெரிய எண் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் வேலை.

பெரிய எண் ரீடர் பக்கம் நின்றால் ஃபைல் ஃபார்மட்டைப் பாருங்கள். டேட்டா டெக்ஸ்ட்டாக இருக்கிறதா? பைனரியில் 4 பைட்டில் அடங்கும் ஓர் எண் டெக்ஸ்ட்டில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாகும்; ஒவ்வொன்றையும் சிபியு படித்து எண்ணாக மாற்ற வேண்டும். ஒருமுறை பைனரியாகச் சேமித்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்த நேரம் மிச்சம். கூடவே சிஸ்டம் மானிட்டரையும் திறந்துவையுங்கள். 16 கோரில் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் நின்று மற்றவை சும்மா இருந்தால், அந்த ரீடரோ ஃபில்ட்டரோ ஒற்றைக் கோரில் ஓடுகிறது. என்விடியா கார்டு என்றால் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை ஜிபியு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும். சிபியு கொதிக்கிறது, ஜிபியு சும்மா இருக்கிறது என்றால், கார்டு கேட்கும் மெயிலை அனுப்பாதீர்கள்.

8. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

டிரைவரை அப்டேட் செய்து, எல்ஓடியை மாற்றி, மெஷ்ஷையும் குறைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்றால், எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வரும். ஒன்றை மாற்றுங்கள், அளங்கள், எழுதுங்கள். பயன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ரிவ்யூவுக்கு முந்தைய நாள் மட்டும் டிரைவரில் கை வைக்காதீர்கள்.

9. கண்டுபிடித்ததை உங்கள் பெயரோடு எழுதுங்கள்

கேபிளை மாற்றிவிட்டு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டால், மாலைக்குள் அது 'தானாகச் சரியாகிவிட்டது' ஆகிவிடும். மெயில் போடுங்கள், நான்கே வரியில். பிரச்னை, அளந்த எண், காரணம், தீர்வுக்குப் பின் எண். இப்படி:

"பம்ப் மாடல் சுழற்றும்போது விநாடிக்கு 2 படம் வந்தது. டைமர் லாக்கில் ரெண்டர் 0.5 விநாடி. திரெஷோல்டுக்குப் பின் மெமரி 11 ஜிபி. அதற்குப் பதில் எக்ஸ்ட்ராக்ட் சப்செட் போட்டேன், இப்போது 25 படம் வருகிறது. ஸ்டேட் ஃபைல் டீம் ஃபோல்டரில் இருக்கிறது."

ஹார்டுவேர் உண்மையிலேயே தேவைப்பட்டாலும் இதே முறைதான். 'புது கார்டு வேண்டும்' என்று கேட்டால் மேனேஜர் பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவார். 'கார்டின் மெமரி 4 ஜிபி, நம் டேட்டா 6 ஜிபி, மற்ற வழிகளில் பார்த்தாயிற்று, அளவுகள் இவை' என்று கேட்டால் எந்த மாடல் வாங்கலாம் என்று உங்களிடமே கேட்பார். அப்போது நீங்கள் கோரிக்கை வைப்பவர் இல்லை, ஆலோசனை சொல்பவர்.

10. இன்டர்வியூவில் வரிசையைச் சொல்லுங்கள்

"விஷுவலைசேஷன் ஸ்லோவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், 'நல்ல கார்டு போடுவேன்' என்பவரோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "திறக்கும்போதா, ஃபில்ட்டரிலா, சுழற்றும்போதா?" பிறகு வரிசையாகச் சொல்லுங்கள்: ரெண்டரர் பெயர், ஜன்னல் சோதனை, செல் எண்ணிக்கை, டைமர் லாக், நெட்வொர்க். நீங்களே சரிசெய்த ஒரு சம்பவத்தை முன், பின் எண்ணோடு சொல்லுங்கள். அனுபவம் இல்லையா? பாராவியூவோடு வரும் உதாரண டேட்டாவை ரீசாம்பிள் செய்து பெரிதாக்குங்கள், வேண்டுமென்றே திணறவிடுங்கள், சரிசெய்யுங்கள், அளவுகளை எழுதிவையுங்கள். ஒரு வார இறுதியில் உங்களுக்கும் சொல்வதற்கு ஒரு சம்பவம் கிடைத்துவிடும்.

11. டெமோ நாளில் அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள்

எந்த மெஷினில், எந்தத் திரையில், எந்த நெட்வொர்க்கில் காட்டப்போகிறீர்களோ, அதிலேயே முந்தின நாள் ஒத்திகை பாருங்கள். காட்சிகளை ஸ்டேட் ஃபைலாகச் சேமியுங்கள். டேட்டாவை மீட்டிங்குக்கு முன்பே ஏற்றிவையுங்கள். ஆட்டோ அப்ளை ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். தெரியாமல் ஒரு ஸ்லைடரைத் தொட்டால் கனமான ஃபில்ட்டர் ஓட ஆரம்பித்துவிடும். முக்கியமான நான்கு கோணங்களைப் படமாகவும், ஓட்டத்தை அனிமேஷனாகவும் எடுத்துவையுங்கள். திரை நின்றாலும் உங்கள் பேச்சு நிற்கக் கூடாது.

இதையெல்லாம் அடுத்த ப்ராஜெக்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இப்போதே பாராவியூவைத் திறங்கள். ஹெல்ப், அபவுட், ஓபன்ஜிஎல் ரெண்டரர். அங்கே என்ன பெயர் இருக்கிறது? எதிர்பார்த்த பெயர் இல்லை என்றால், எழுந்துபோய் மேஜைக்குப் பின்னால் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.